மாயப் புதினங்களும் அறநெறியும்

மாயப் புதினங்கள் மாணவரை நடைமுறை உலகினின்று பிரித்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். ஆராயத்தக்க குறை வேறொன்றாகும். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் ஆங்கிலப் புதினத்தில், ஆற்றல்மிக்க மோதிரம் நல்லோரையும் மயக்குகிறது. அதிகார வேட்கையின் கேட்டை இத்துணைத் தெளிவாகக் காட்டுதல் அரிது. ஆயினும், அந்நூலில் வரும் ‘ஓர்க்’ இனத்தாருள் நல்லவர் ஒருவரையும் காண்கிலோம். தீமை பிறப்பிலேயே அமைவதாயின், நன்மையைத் தேர்ந்துகொள்ள வழியேது? 1968இல் உர்சுலா லெ குவின் படைத்த ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’யின் தலைவனோ, தன்னைத் துரத்திய நிழல் தானே என உணர்கின்றான். தீமையைப் பிறரிடம் மட்டும் காட்டும் கதை செருக்கை வளர்க்கும். நம்முள்ளும் காட்டும் கதை நெஞ்சைப் பண்படுத்தும். இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடனன்றோ?