வெட்டு, ஒட்டு, தீட்டு!

பெட்டிக்குள் வந்தது வந்தபடியேதான் இருக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

அட்டைப்படத்து வீரன் வாள் பிடித்திருக்கிறான். உனக்குக் கோடரி பிடிக்குமா? வாளை வெட்டு, கோடரியை ஒட்டு. அவன் தலையில் பளபளக்கும் கவசம். உன் கதையில் அவன் காடுமலை அலைந்து களைத்த கிழவனா? தலையையே மாற்று. அங்கி சிவப்பு என்கிறதா பெட்டி? நீ சாம்பல் பூசு. மேசை உன்னுடையது, படை உன்னுடையது, கட்டளையும் உன்னுடையதாகவே இருக்கட்டும்!

ஃபேன்டஸி போர் விளையாட்டின் மினியேச்சர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். மனித உருவம் என்றால் கட்டைவிரலின் மேல்கணு அளவே இருக்கும், சுமார் 28 மில்லிமீட்டர் உயரம். பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் வார்த்த வீரர்கள், பூதங்கள், டிராகன்கள், எலும்புக்கூட்டுப் படைகள். மேசைமேல் காடும் கோட்டையும் அமைத்து, அளவுநாடா பிடித்துப் படையை நகர்த்தி, பகடை உருட்டி இரண்டு பேர் போரிடுவார்கள். இன்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தலைமையகம் கொண்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் ‘வார்ஹாமர்’ 1983இல் வந்தது. அதன் விண்வெளி வடிவமான ‘வார்ஹாமர் 40,000’ 1987இல் வந்தது. இவை இரண்டும்தான் இந்தப் பொழுதுபோக்கை உலகெங்கும் கொண்டு சேர்த்தன.

ஆனால் நான் தலைவணங்குவது விளையாட்டை வென்றவர்களுக்கு அல்ல. வாங்கிய பொம்மையை வாங்கியபடி விட மறுத்தவர்களுக்கு! ஒன்றின் தலையை இன்னொன்றின் உடலில் பொருத்தி, களிமண்போலப் பிசையும் ‘புட்டி’ பசையால் புதுச் சதை கொடுத்து, உலகில் வேறு எவரிடமும் இல்லாத ஓர் உருவத்தைப் பிறப்பித்தவர்களுக்கு. அதைத்தான் ‘கன்வர்ஷன்’ என்கிறார்கள். நான் அதைத் துணிச்சல் பயிற்சி என்பேன்.

“வயசு வந்த பிள்ளை பொம்மைக்குப் பெயின்ட் அடிக்குதா?” என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். கையில் இருப்பதை மாற்றிக் காட்டத் தெரிந்தவன் வாழ்க்கையையும் மாற்றிக் காட்டுவான் என்று அவர்களுக்கு நீ நாளை பதில் சொல்வாய்.

கடையில் இல்லையா? கையில் இருக்கிறது!

வசதி இருந்தால் செய்திருப்பேன், பொருள் கிடைத்தால் செய்திருப்பேன் என்று சாக்குச் சொல்கிறவர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

‘டைம் மெஷின்’ எழுதிய எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகத்தில் பொம்மைச் சிப்பாய்களுக்கான போர் விதிகளை வகுத்தார். அவருக்கு முதலில் வாய்த்த போர்க்களம் எது தெரியுமா? வீட்டுத் தரை. குன்றும் தடையும் வேண்டும் என்று தோன்றியபோது கலைக்களஞ்சியத் தொகுதிகளை எடுத்துத் தரையில் அடுக்கினார். உலகம் கொண்டாடிய எழுத்தாளர், புத்தகத்தை மலையாக்கி விளையாடினார்!

அமெரிக்காவின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டு 1971இல் வெளிவந்தது. அதன் பின்பகுதியில் டிராகன்களுக்கும் பூதங்களுக்கும் விதிகள் இருந்தன. ஆனால் அன்றைக்கு டிராகன் பொம்மை கடையில் கிடைக்கவில்லை. “டிராகன் இல்லை, விளையாட்டு வேண்டாம்” என்று அவர் உட்கார்ந்துவிட்டாரா? பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸ் பொம்மை ஒன்றை எடுத்து மாற்றிக் கட்டி டிராகனாக்கினார். பிளாஸ்டிக் மிருகங்கள் அடைத்த மலிவான பொம்மைப் பையில் இருந்த விநோத ஜந்துக்களுக்கும் பெயரும் குணமும் கொடுத்தார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ அப்படிப் பிறந்ததுதான். 1974இல் அவரும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஒரு புதிய விளையாட்டு வகையையே தொடங்கி வைத்தது. அதில் திரியும் அரக்கர்களில் சிலர் சில்லறைக் காசுப் பொம்மைகளின் வாரிசுகள்!

‘வார்ஹாமர் 40,000’ வந்த புதிதில் படைக்கு வீரர்கள் இருந்தார்கள், வாகனங்கள் போதவில்லை. அப்போது கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் ‘வைட் டுவார்ஃப்’ பத்திரிகை வாசகர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என்ன? தீர்ந்துபோன டியோடரன்ட் குச்சியின் காலி டப்பாவைக் கொண்டு மிதக்கும் பீரங்கி வண்டி செய்வது எப்படி என்பது! குப்பைக்கூடைக்குப் போக வேண்டிய டப்பா எதிரிப் படையை நடுங்க வைத்தது.

இல்லாமை இவர்கள் எவரையும் நிறுத்தவில்லை. உன்னை மட்டும் ஏன் நிறுத்துகிறது?

முதல் வெட்டு

புதிய பொம்மை. குறையே இல்லை. அதன் தோளில் கத்தியை வைக்கும்போது கை நடுங்கும். ‘கெடுத்துவிட்டால்?’ என்று மனம் கேட்கும். அந்தக் கேள்விதான் உன் எதிரி. எத்தனை பேரின் திறமை அந்தக் கேள்விக்குப் பயந்து பெட்டிக்குள்ளேயே கிடந்து செத்திருக்கிறது!

வெட்டு. கத்தி உன் விரலைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கட்டும். ஒரே அழுத்தில் முடிக்கப் பார்க்காதே, அதே கோட்டில் மெல்ல மெல்லப் பலமுறை இழு. கை தனியாக வந்துவிடும். வெட்டிய முகத்தை நைசாகத் தேய். பிளாஸ்டிக் என்றால் அதற்கான பசை இரு முகங்களையும் இளக்கி ஒன்றாக உருக்கிவிடும், காய்ந்தபின் அது ஒட்டல்ல, ஒரே உடல். உலோகம் என்றால் சூப்பர் குளூ மட்டும் நம்பிக்கைக்குப் போதாது. கையால் திருகும் குட்டி டிரில்லால் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பியை உள்ளே செருகி ஒட்டு. கீழே விழுந்தாலும் கை கழன்று வராது.

இடைவெளி தெரிகிறதா? அதற்கும் மருந்து உண்டு, எபாக்சி புட்டி. நீலப் பட்டை ஒன்று, மஞ்சள் பட்டை ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சை. அதனால் அதன் செல்லப்பெயர் ‘கிரீன் ஸ்டஃப்’. பிசைந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் அது உன் சொல் கேட்கும், பிறகு இறுகிவிடும். கருவியைத் தண்ணீரில் தொட்டுக்கொள், இல்லாவிட்டால் அது ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பட்டாணி அளவு எடுத்து மெல்லிய தகடாகத் தட்டி, வீரனின் தோளிலிருந்து தொங்கவிடு. ஊசிமுனையின் பக்கவாட்டால் மேலிருந்து கீழே இழுத்தால் ஒரு மடிப்பு. பக்கத்தில் இன்னொன்று. காற்றில் பறக்கும் அங்கி பிறந்துவிட்டது! அது கிடைக்கவில்லை என்றால் குழாய் ஒழுகலை அடைக்கும் எம்-சீல் நம் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே இருக்கிறது. அதுவும் இரண்டைப் பிசையும் எபாக்சிதான். சீக்கிரம் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வேகமாக வேலை செய். கையுறை போட்டுக்கொள்.

முதல் அங்கி சரியாக வராது. இரண்டாவது கொஞ்சம் வரும். வெட்டாதவனுக்கு முதலாவதும் கிடையாது!

வலக்கை போனது, சிற்பி போகவில்லை

“எனக்குக் கை வராது” என்கிறாயா? அப்படியானால் மைக்கேல் பெர்ரியின் கதையைக் கேள்.

மைக்கேலும் அலனும் இரட்டைச் சகோதரர்கள். இங்கிலாந்தில் மினியேச்சர் செதுக்குவதில் அவர்களுக்கு இணையாகச் சொல்லப்படுகிறவர்கள் மிகச் சிலர். 1990களில் பிரான்சில் நடந்த ஒரு வரலாற்றுப் போர் மறுநிகழ்வில் பீரங்கி விபத்து. மைக்கேல் தன் வலக்கையை இழந்தார். ஒரு சிற்பிக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா? விரல்நுனியில் மயிரிழை அளவு வேலை செய்கிறவருக்கு அந்த விரல்களே இல்லை!

அவர் இடக்கையை எடுத்தார். எழுத்துப் பழகும் குழந்தைபோல ஆரம்பத்திலிருந்து பழகினார். மீண்டும் செதுக்கினார். பின்னர் ‘லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ திரைப்படங்களுக்காகக் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட மினியேச்சர் வரிசையைச் சகோதரர்கள் இருவரும் உருவாக்கினார்கள். சொந்தமாகப் ‘பெர்ரி மினியேச்சர்ஸ்’ நிறுவனத்தையும் நடத்துகிறார்கள். உலகின் பல மூலைகளில் மேசைமேல் நிற்கும் எத்தனையோ வீரர்களின் முகச்சுருக்கமும் கவசச் சங்கிலியும் அந்த இடக்கையின் வேலை.

இரண்டு கைகளும் முழுதாக இருக்கும் நீ, கை வராது என்கிறாய். கை வரும். மனத்தை வரச் சொல்!

பாதி வழியில் அசிங்கமாகத்தான் இருக்கும்

வர்ணம் தீட்டுவதில் புதியவர்கள் தோற்கும் இடம் ஒன்றே ஒன்று: பாதி வழி.

பிரைமர் அடித்தாயிற்று. முதல் நிறம் பூசினாய். தட்டையாக, உயிரில்லாமல் இருக்கிறது. அட்டைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து மனம் உடைகிறாய். பிரஷ்ஷைக் கீழே வைக்காதே! அந்த அட்டைப்பட வீரனும் ஒருநாள் இப்படித்தான் அவலட்சணமாக நின்றான். கைதேர்ந்தவருக்கும் இந்தக் கட்டம் உண்டு. அவர் அதைத் தாண்டுகிறார், நீ அங்கேயே நின்றுவிடுகிறாய், வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்ததாக நீர்த்த கருப்பழுப்பு ‘வாஷ்’ ஒன்றை மேலே ஓடவிடு. அது பள்ளங்களைத் தேடிப் போய்த் தங்கும். மடிப்புகளில் நிழல் விழும், கவசத்தின் இணைப்புகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். காய்ந்ததும் வெளிர்நிறத்தைப் பிரஷ்ஷில் தொட்டு, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகள் மீது லேசாகத் தட்டித் தேய். விளிம்புகள் ஒளிரும். இதற்குப் பெயர் ‘டிரை பிரஷ்’. கண்ணுக்கு முதலில் இருட்டு, அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு கரும்புள்ளி. வழிந்து போனதை அடுத்துப் பூசும் தோல்நிறத்தால் சரிசெய்துவிடலாம். சற்றுமுன் செத்துக்கிடந்த பிளாஸ்டிக் இப்போது உன்னை முறைத்துப் பார்க்கும்!

வர்ணத்தைத் தடிமனாக அப்பாதே. தண்ணீர் கலந்து மெல்லியதாக இரண்டு பூச்சு. வீடியோக்கள் வழியே லட்சக்கணக்கானோருக்கு வர்ணம் தீட்டக் கற்றுத்தந்த டங்கன் ரோட்ஸ் ஓயாமல் சொன்ன வேதவாக்கு இதுதான். ஒரே வீச்சில் மூடிவிடும் அவசரம் செதுக்கலையே மூழ்கடித்துவிடும். ஒன்று காயும்வரை பொறுத்து அடுத்ததைப் பூசுகிறவன்தான் ஜெயிப்பான்.

முழுவதும் கெட்டுவிட்டதா? நம் வீட்டு டெட்டால் இருக்கிறது. தண்ணீர் கலக்காமல் ஊற்றி ஓர் இரவு ஊறவை. கையுறையோடு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் வர்ணம் உரிந்து வரும். முதல் கழுவலும் டெட்டாலிலேயே இருக்கட்டும், அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் பிசினாகிவிடும். மறுநாள் அந்த வீரன் பிறந்த மேனியாக உன் முன் நிற்பான். தோல்வியைக் கழுவ முடிகிற ஒரு கலையில் தோல்விக்குப் பயப்படலாமா?

குப்பையிலிருந்து கோட்டை

வீரன் நிற்க மண் வேண்டாமா? அடர்த்தியான இன்சுலேஷன் ஃபோம் ஒரு துண்டு எடு. கத்தியால் செங்கல் கோடு கீறு. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அதன்மேல் அழுத்து. வழவழப்பான ஃபோம் ஒரே நிமிடத்தில் நூற்றாண்டு பழகிய கல்லாகிவிடும்! ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் நேராக அடித்துவிடாதே, அதன் கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகாலில் கருப்பு வர்ணம் கலந்து முழுக்கப் பூசிக் காயவை. பிறகு அடர்சாம்பல், அதன்மேல் வெளிர்சாம்பலால் டிரை பிரஷ். ஐஸ்கிரீம் குச்சி கதவுப் பலகையாகும். மரப்பட்டை பாறையாகும். ஃபெவிகால் தடவித் தூவிய மணல் போர்க்களப் புழுதியாகும்.

பிறர் குப்பை என்று கடந்துபோன இடத்தில் நீ கோட்டையைப் பார்க்கிறாய். இந்தக் கண் ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு மூடாது. அலுவலகத்தில் உடைந்துகிடக்கும் வேலையைப் பார்த்தாலும், வீட்டில் பழுதான உறவைப் பார்த்தாலும், “இதில் எதை வெட்டலாம், எதை ஒட்டலாம்?” என்றுதான் அது கேட்கும்.

எழுந்து வா!

மினியேச்சர்களுக்கு வர்ணம் தீட்டுவோருக்காக 1987இல் தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ போட்டியின் உச்சப் பரிசு ஒரு வாள். ‘ஸ்லேயர் ஸ்வோர்டு’ என்பார்கள். கட்டைவிரல் அளவு பொம்மைக்கு வர்ணம் தீட்டியவரின் கையில் மனிதர் ஏந்தும் வாள்! அதை ஏந்தியவர்கள் எல்லாரும் ஒருநாள் முதல் வெட்டுக்கு நடுங்கியவர்கள், முதல் கண்ணைக் கோணலாக வரைந்தவர்கள். நடுங்கிய கையாலேயே அடுத்ததையும் வரைந்தார்கள். ரகசியம் அவ்வளவுதான்.

நல்ல பிரஷ் வாங்கியபின், தனி அறை அமைந்தபின், வேலைப்பளு குறைந்தபின் என்று நாள் தள்ளாதே. அந்த நாள் நாட்காட்டியில் இல்லை. ஒரு பொம்மை, ஒரு கத்தி, ஒரு பசை, மூன்று நிறங்கள். உன் படைக்கு இன்று இவ்வளவு போதும்.

உன்னைப் பெட்டியில் அடைத்து மேலே ஒரு படம் ஒட்டி, “நீ இவ்வளவுதான்” என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தப் படத்தைக் கிழி. நீ இன்னும் முடிந்துபோன உருவம் இல்லை. பிடிக்காததை வெட்டு, வேண்டியதை ஒட்டு, உன் நிறத்தைத் தீட்டு. இன்றிரவே உட்கார், கத்தியை எடு, முதல் வெட்டைப் போடு!