வேட்கையும் அதன் அளவும்

பருத்த உடலினராய்ப் புகைபிடிப்போர்க்கு உணவு எத்துணை வேட்கை விளைப்பது? அவரை வினாவி இதனை முற்ற அறிதல் இயலாது. சுவைத்தல் வேறு, வேட்டல் வேறு ஆகலின். ஆதலால் உளநூலார் சொல்லை விடுத்துச் செயலை அளப்பர். ஒருவன் பொத்தானைச் சில முறை அழுத்தின் சிறிது தின்பண்டம் பெறுவான். அடுத்த பங்கிற்கு மேலும் பன்முறை அழுத்தல் வேண்டும். உழைப்பு இவ்வாறு ஏறுங்கால், 'இனி வேண்டா' என அவன் கைவிடும் இடமே வேட்கையின் எல்லையாம். எலிகளுக்குப் பாலூட்டி இம்முறையை 1961-இல் ஹோடாஸ் என்பார் வெளியிட்டனர். பின்னர் அமெரிக்கப் பஃபலோ நகரத்து எப்ஸ்டீன் முதலியோர் மக்கள்பால் இத்தகைய அளவையைக் கையாண்டனர்.

புகையிலையின்கண் உள்ள நிகோடின் பசியை ஒடுக்கும். புகையை விட்டோர் முதலாண்டில் சராசரி 4 அல்லது 5 கிலோகிராம் எடை கூடுவர். இதற்கு அஞ்சியே விடாதாரும் உளர்.

'அங்ஙனமாயின் வேட்கை உடலியற்கை. அதனை வெல்லுதல் மாந்தர் வயத்ததன்று' எனின், அற்றன்று. உணவோடு படித்தல் போன்ற பிறிதோர் இன்பத்தையும் அருகே வைத்து, உணவிற்குரிய உழைப்பை மிகுப்பின், கை மெல்ல மற்றதன்பாற் செல்லும். எனவே வேட்கை தனித்து நிற்பதன்று. உடன் வைக்கப்படும் பொருளுக்கேற்ப ஏறும், இறங்கும்.

ஆகலின், புகையை விட்டு உணவை நாடுவானைப் பெருந்தீனியன் என இகழ்தல் அறமன்று. 'நின் இயல்பு அது' எனக் கைவிடுதலும் அறமன்று. அவனுக்குப் பிறிதோர் இன்பம் எளிதிற் கிட்டச் செய்தலே சுற்றத்தார் கடன். எண் அளப்பது வேட்கையையே. 'வேண்டா' என்று விடும் அறிவை அன்று என்க.