இல்லாத சொல்லும் வள்ளுவர் சமயமும்

திருக்குறளில் 'கடவுள்' என்ற சொல் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, அதிலிருந்தே வள்ளுவரின் சமயத்தைத் தீர்மானிப்பவர்களும் உண்டு. அவர் பிறந்த ஊர் என்று மரபு சொல்லும் மயிலாப்பூருக்கு இந்த வழக்கு புதிதல்ல. ஆதிபகவன், மலர்மிசை ஏகினான், எண்குணத்தான் ஆகிய பெயர்களைக் காட்டிச் சமணர் அவரைத் தம்மவர் என்றனர். சைவர் அதே எண்குணத்தானைச் சிவன் என்றனர். 1886-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ஜி.யு. போப், மயிலைக் கடற்கரையில் கிறித்தவப் போதகர்களோடு உலவும் வள்ளுவரைக் கற்பனை செய்தார். சமணரும் சைவரும் நூலில் உள்ள சொற்களைக் கொண்டு வாதிட்டவர்கள். இல்லாத சொல்லைக் கொண்டு வாதிடுவதற்கு நூல் முழுவதையும் தேடியிருக்க வேண்டும். 1330 குறளையும் நொடியில் தேடித்தரும் சிறு பைதான் நிரல் அங்கேதான் பயன்படுகிறது.

நிரல் எளியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முதல் மின்னூல் திருக்குறள்தான். அத்தகைய கோப்பு ஒன்றைத் திறந்து, வரிவரியாகப் படித்து, கேட்ட சொல் இருக்கும் வரியை அச்சிடச் சொன்னால் போதும். ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். 'கடவுள்' என்று தேடினால் ஒன்று என விடை வரும். அது முதல் அதிகாரத்தின் தலைப்பு. தலைப்புகளை நீக்கிய கோப்பில் பூஜ்யம். தலைப்புகள் வள்ளுவர் இட்டவையா என்ற கேள்விக்கு ஆய்வாளர் விடை சொன்ன பிறகுதான் நிரல் எண்ணத் தொடங்க முடியும்.

அடுத்து 'தெய்வம்'. இப்படியே தேடினால் 43, 55, 1023 ஆகிய மூன்று குறள்கள் கிடைக்கும். 50, 619, 702 தவறிவிடும். அவற்றில் சொல் 'தெய்வத்து' என்று திரிந்து வேற்றுமை உருபு ஏற்றிருக்கிறது. 'தெய்வ' என்று சுருக்கித் தேடினால் ஆறும் வரும். சந்தி இன்னும் பொல்லாதது. சந்தி பிரிக்காத பதிப்பின் 55-ஆம் குறளில் 'தொழுது' என்பது 'றொழுது' ஆகிவிடும்; 'தொழு' என்று தேடுபவருக்கு அது அகப்படாது. யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. 'தொ' என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. கோப்பு ஒரு விதம், தேடுசொல் மறுவிதம் என்றால், வழிபாட்டைப் பற்றி வள்ளுவர் பேசவே இல்லை என்று நிரல் தயங்காமல் சொல்லிவிடும். பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியால் இரண்டையும் ஒரே வடிவாக்கிய பிறகே தேட வேண்டும்.

மறுபுறம், கிடைப்பதெல்லாம் வேண்டியதாகவும் இராது. 'இறை' என்று தேடினால் 5, 10 ஆகிய குறள்களில் கடவுள் வருகிறார். 733-இல் 'இறைவற்கு' என்பது அரசன், அதே குறளின் 'இறை' வரிப்பணம். 1157-இல் அது வளையணிந்த முன்கை; 1161-இல் நீர் இறைப்பவர். ஒவ்வொன்றையும் உரையோடு படித்துப் பிரித்தால்தான் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு.

இன்மையை அறிவது எப்படி என்பது இந்தியத் தத்துவத்தில் பழைய விவாதம். மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையில் சொல்லப்படும் அளவைகளில் 'அபாவம்' (இன்மை) ஒன்று. குமாரிலரின் மீமாம்சை மரபும் அத்வைதமும் காணாமை எனும் அனுபலப்தியைத் தனி அளவையாகக் கொண்டன, பிரபாகரர் மறுத்தார். ஏற்றவர்களும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இருந்திருந்தால் கண்டிருக்கக்கூடிய பொருளாக அது இருக்க வேண்டும். வெளிச்சமுள்ள தரையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டில் தெரியாதது எதற்கும் சான்றாகாது. சொல் தேடும் நிரலுக்கு இதைவிடக் கறாரான விதியை இன்றைய கணினி நூல்களிலும் காண்பது அரிது. சந்தி பிரிப்பதும் எழுத்துருவைச் சீராக்குவதும் தரையில் வெளிச்சம் போடும் வேலைகள்.

அந்த நிபந்தனை நூலாசிரியருக்கும் பொருந்தும். பொருட்பாலில் சிவன் பெயரோ திருமால் பெயரோ வராததில் வியப்பில்லை. அமைச்சும் அரணும் பேசும் இடத்தில் அவற்றுக்குத் தேவை இல்லை. முதல் பத்துக் குறளில் வராததுதான் கவனிக்கத் தக்கது. வாழ்த்துப் பாடும் இடத்தில் தன் தெய்வத்தின் பெயரைச் சொல்வது புலவர் வழக்கம். அங்கே வள்ளுவர் சொல்லவில்லை. அந்த மௌனம் சான்றாக நிற்கும் தகுதி உடையது. ஆனால் அது காட்டுவது எந்த ஒரு சமயப் பெயருக்குள்ளும் அடங்க வேண்டாம் என்ற தேர்வை, நம்பிக்கையின்மையை அல்ல.

பெயர் இல்லாமல் பொருள் இருக்கும் இடங்களும் உண்டு. 'திருமால்' என்று தேடினால் 1103-ஆம் குறள் வராது. அங்குள்ள 'தாமரைக்கண்ணான்' திருமால் என்று பரிமேலழகர் உரை கொள்கிறார். அதே பரிமேலழகர் 619-இன் தெய்வத்தை ஊழ் என்று கொள்கிறார். 25-இல் இந்திரன் பெயரோடே வருகிறான், புலன்களை அடக்கியவனின் ஆற்றலுக்குச் சாட்சியாக. வழிபடும் தெய்வமாக அல்ல. இம்மூன்று குறள்களையும் நிரலின் பட்டியலில் எங்கே வைப்பது என்பதை உரைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டும்.