பார்க்காமல் இட்ட கையெழுத்து

என் மேஜைமேல் ஒரு டைகர் மாத் விமானம் நிற்கிறது. அசலில் 72-ல் ஒரு பங்கு. இறக்கை முனையிலிருந்து முனைவரை 124 மில்லிமீட்டர். மூக்கிலிருந்து வால்வரை 101. செய்துமுடிக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் உதிரிகளில் உடலும் இறக்கைகளும்தான் பயன்பட்டன. விமானி உட்காரும் இரண்டு குழிகளுக்கும் பெட்டிக்காரன் கொடுத்திருந்தது ஆளுக்கொரு மொட்டை நாற்காலி. மற்றதை நானே செய்தேன். நாற்காலிகளை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டினேன். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளைக் கீறி வார்கள். பழைய டெலிபோன் வயரின் செம்புக் கம்பியில் கட்டுப்பாட்டுக் கோல். பயிற்சி அளிப்பவன் முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கை மாணவனோடு பேசுவதற்கு ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதைக்கூட ஈயக் கம்பியில் வளைத்து வைத்தேன்.

உடலின் இரு பாதிகளையும் ஒட்டியபின் இவற்றில் முக்கால்வாசி மறைந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் வார்களின் நுனி தெரியும். குழாய் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாததைச் செய்வதில் என்ன அர்த்தம் என்ற கேள்வி இந்த வேலையில் ஈடுபடுகிற எல்லோருக்கும் வருவதுதான். நண்பர்கள் இரண்டு பதில்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் இதைச் சுயதிருப்தி என்றார். நோய் என்று சொல்ல நினைத்து மரியாதைக்காக மாற்றிக்கொண்டார் என்று எனக்குப் பட்டது. இன்னொருவர் கோபுரத்துச் சிற்பியைக் கொண்டுவந்தார். தரையிலிருந்து யாரும் பார்க்கமுடியாத மேல்நிலை உருவங்களுக்கும் நகமும் நகையும் வைத்தவன் அவன். கலைஞனின் தர்மம் அது என்றார். இரண்டாவது பதில் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிற்பிக்குப் பார்க்கிறவன் ஒருவன் இருந்தான். அவன் நம்பிய தெய்வத்துக்கு எந்த நிலையும் உயரமில்லை. அந்தப் பார்வையாளனை நம்பாத நான் சிற்பியின் தர்மத்தை மட்டும் கடன் வாங்குவது நியாயமில்லை.

அசலுக்கு உண்மையாக இருப்பது என்று மூன்றாவது பதில் ஒன்று உண்டு. இதைத்தான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிளேட்டோ ‘குடியரசு’ பத்தாம் புத்தகத்தில் ஓவியனின் கட்டிலை உண்மையிலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தள்ளுகிறார். ஓவியத்துக்குப் பின்பக்கம் கிடையாது, என் விமானத்துக்கு உண்டு, உள்பக்கமும் உண்டு, ஆகவே தச்சனுக்கு அருகில் எனக்கும் ஓர் இடம் இருக்கவேண்டும் என்பது என் வாதம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது வாதம் நிற்கவில்லை. அசல் டைகர் மாத்தின் வெற்று எடை சுமார் 500 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் 72-ல் ஒரு பங்காகக் குறையும்போது எடை 3,73,248-ல் ஒரு பங்காக வேண்டும். அதாவது ஒன்றரை கிராமுக்கும் குறைவு. என் விமானத்தை அப்படிச் செய்யமுடியாது. அசலின் இறக்கை மரச் சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்திய லினன் துணி. நான் பூசிய வர்ணம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனம் என்று கொண்டால், அசலில் அது மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆகிறது. எந்தத் துணியும் அவ்வளவு தடிப்பில்லை. இறக்கைகளுக்கிடையே ஓடும் கம்பி ஆறு மில்லிமீட்டர் அகலம் என்றால் மாதிரியில் அது தலைமயிரின் அளவு. அப்படியே போட்டால் இரண்டடி தள்ளி நிற்பவனுக்குத் தெரியாது. சற்றுத் தடிப்பாகப் போட்டால்தான் கம்பி என்று கண் ஒப்புக்கொள்கிறது. மெய்யான அளவு மறைந்துபோகிறது. பொய்யான அளவு மெய்யாகத் தோன்றுகிறது.

ஆகவே அசலுக்கு உண்மை என்பது முழுதாகக் கிடைக்காத ஒன்று. எதை விடுவது, எதைத் தடிப்பாக்குவது என்று ஒவ்வொரு இடத்திலும் செய்பவன் தேர்ந்தாகவேண்டும். இந்தத் தேர்வில் எனக்கு வெட்கமில்லை. உடலின் பின்பகுதிக்குள் வால்வரை ஓடும் கேபிள்களை நான் போடவில்லை. மூன்று மில்லிமீட்டர் கேபிள் மாதிரியில் மயிரைவிட மெல்லியது. பாதிகளை ஒட்டிய பிறகு டார்ச்சுக்கும் அகப்படாது. விட்டுவிட்டேன். இதில் தவறில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

தவறு வேறிடத்தில் நடந்தது. அதைச் சொல்ல என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும்.

அவர் விமான ஃபிட்டர். ஐம்பதுகளில் ஒரு பயிற்சிக் கழகத்தில் டைகர் மாத்களைப் பராமரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார். கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் டர்ன்பக்கிள் என்ற சிறு சாதனம் இருக்கிறது. நடுவில் ஒரு பித்தளை உருளை. இரு முனையிலும் எதிரெதிர் மரை கொண்ட திருகுகள். உருளையைத் திருப்பினால் இரண்டு திருகுகளும் ஒருசேர உள்ளே வரும், அல்லது வெளியே போகும். திருகின் மரை மூன்றுக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் உள்ளே பிடிப்புப் போதாது என்று பொருள். சரிபார்த்தபின் உருளை தானாகத் திரும்பிவிடாதபடி மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிப் பூட்டவேண்டும். பிறகு மூடியைப் போட்டு, பார்த்தேன் என்று பதிவேட்டில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நம்பி ஒரு பையன் மேலே போவான்.

1958-ல் ஒருநாள் சாயங்காலம் அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கம்பியைப் பூட்டியவர் அவருக்குக் கீழே இருந்த இளைஞர், கெட்டிக்காரர். மூடி போட்டாகிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு சுற்று போய்வர வேண்டுமென்று பயிற்சியாளர் வெளியே காத்திருந்தார். மூடியை மறுபடி கழற்றினால் கால்மணி நேரம் ஆகும். விமானம் போயிற்று, இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தது. மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் மூடியைக் கழற்றிப் பார்த்தார். மரை சரியாக இருந்தது. பூட்டும் சரியாக இருந்தது.

இந்தக் கதையை அவர் எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த இருபது நிமிஷத்தில் கொட்டகை வாசலில் நின்றதைத்தான் நீட்டிச் சொல்வார். “எல்லாம் சரியாத்தானே இருந்துது, அப்புறம் என்ன?” என்று கேட்டிருக்கிறேன். “சரியா இருந்துது அவனால. நான் போட்ட கையெழுத்தால இல்லை” என்றார்.

இதே விஷயத்தை டபிள்யூ.கே. கிளிஃபர்ட் 1877-ல் எழுதிய ‘நம்பிக்கையின் அறம்’ என்ற கட்டுரையில் கப்பல் முதலாளி ஒருவனை வைத்துப் பேசுகிறார். கப்பல் பழசு என்று சந்தேகமிருந்தும் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஜனங்களை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் குற்றவாளி. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் அதே அளவு குற்றவாளி என்கிறார் கிளிஃபர்ட். நம்பியது பலித்ததா என்பதல்ல, நம்ப அவனுக்கு உரிமை இருந்ததா என்பதே கேள்வி. என் தகப்பனார் கிளிஃபர்டைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. கொட்டகை வாசலில் நின்று அதே முடிவுக்கு வந்திருந்தார்.

கையெழுத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். அதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ‘கம்பி பூட்டியிருக்கிறது’ என்பது ஒன்று, அது உண்மை. ‘நான் பார்த்தேன்’ என்பது இரண்டாவது, அது பொய். முதல் வாக்கியத்தின் உண்மை இரண்டாவதன் பொய்யைக் கரைத்துவிடாது. நாம் சாதாரணமாக முதல் வாக்கியத்தை மட்டும் எடைபோட்டுவிட்டுத் திருப்தியடைகிறோம்.

இனி என் விஷயம். மாதிரி முடிந்தபோது தகப்பனாருக்குத் தொண்ணூறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பார்வை மங்கிவிட்டது. விமானத்தை அவர் கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். எஞ்சின் மூடி, சக்கரம், மேல் இறக்கையின் நடுவிலிருக்கும் பெட்ரோல் டாங்க் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னுடலில் விரல் நின்றது. “உள்ள கேபிள் போட்டிருக்கியாடா?” என்று கேட்டார்.

“போட்டிருக்கேம்பா” என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதற்குக் காரணங்கள் சொல்லலாம். கிழவரைச் சந்தோஷப்படுத்த என்று சொல்லலாம். அது பாதி உண்மை. அவர் கண்ணில் நான் முழுசாகச் செய்தவனாக இருக்கவேண்டும் என்பது மறுபாதி. சோதித்துப் பார்க்கமுடியாதவரிடம் சொல்கிறேன் என்று அந்த க்ஷணத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது. பயிற்சி மாணவன் மூடியைக் கழற்றிப் பார்க்கமுடியாது. கண் தெரியாத கிழவர் ஒட்டிய உடலுக்குள் பார்க்கமுடியாது. இரண்டு பேரும் இன்னொருவன் சொல்லின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான்கு நாள் கழித்து அவரிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். “கேபிள் இல்லாட்டி என்னடா, அது பறக்கவா போறது?” என்று சிரித்தார். கொஞ்சநேரம் சும்மா இருந்தார். “ஆனா நான் கேட்டேனே” என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் இப்போது இல்லை.

அவருடைய இரண்டு வாக்கியங்களில் ஒரு பாகுபாடு இருக்கிறது. பொம்மையின் உள்ளே இருப்பதும் இல்லாததும் அறப் பிரச்னையல்ல. அதன்மேல் யாரும் பாரம் வைக்கவில்லை. மறைந்த இடத்தில் நுணுக்கமாக வேலைசெய்வதை ஒரு பெரிய அறமாகக் கொண்டாடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அந்த ரப்பர் குழாயை நான் வளைத்தது ஆசையால். வேண்டுமானால் விளையாட்டு என்று சொல்லுங்கள். அதற்குப் புண்ணியம் கோரமுடியாது. பொம்மையில் ஏமாற்றுகிறவன் விமானத்திலும் ஏமாற்றுவான், எல்லாம் பழக்கம்தான் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. என் தகப்பனார் வீட்டில் கட்டிய துணிக்கொடி மாதம் ஒருமுறை அறுந்து விழும். அவர் ஆணியடித்த ஸ்டூல் கடைசிவரை ஆடிக்கொண்டிருந்தது. எங்கே கண்டிப்பாக இருக்கவேண்டும் என்று தெரிந்தவர் எல்லா இடத்திலும் கண்டிப்பாக இருக்க அவசியமில்லை.

ஆனால் ஒருவர் கேட்டு, இன்னொருவர் பதில் சொன்ன மாத்திரத்தில், பொம்மையும் விமானமாகிவிடுகிறது. கேட்டவர் பதிலின்மேல் தன் பாரத்தை வைக்கிறார். பாரம் சிறிதா பெரிதா என்பது விளைவைப் பற்றிய கேள்வி. பொய் சொல்லி உயிரைப் பணயம் வைப்பதும் ஒரு கிழவரின் ஐந்து நிமிஷச் சந்தோஷத்தைப் பணயம் வைப்பதும் சமமில்லை. கிளிஃபர்ட் இந்த வித்தியாசத்துக்குத் தரவேண்டிய இடத்தைத் தரவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே ஜாதி. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது.

இதை இந்தப் பத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கிறது. நம்முடையது சிறிய வட்டம். ஒருவர் படித்ததை மற்றவர் நம்பித்தான் அடுத்த புத்தகத்தை எடுக்கிறோம். மூலமொழி தெரியாத நாவலைப் பற்றி, முழுக்கப் படிக்காத தொகுப்பைப் பற்றி, இன்னொருவர் கட்டுரையில் கண்ட மேற்கோளை வைத்து, நாம் தீர்ப்புச் சொல்கிறோம். அநேகமாகத் தீர்ப்பு சரியாகவே இருக்கிறது. நல்ல ரசனை உள்ளவன் முப்பது பக்கத்தில் புத்தகத்தைக் கண்டுகொள்வான் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். இருக்கலாம். அப்படியானால் முப்பது பக்கம் படித்தேன் என்று எழுதுவதில் என்ன தடை? அந்த வாக்கியத்தை எந்த மதிப்புரையிலும் நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை. விமர்சனத்தில் கருத்து தவறலாம். அதற்கு மன்னிப்பு உண்டு, மறுப்பும் உண்டு. ‘படித்தேன்’ என்பது கருத்தல்ல. அதை மறுக்க வாசகனிடம் சாதனம் எதுவும் இல்லை. அதனாலேயே அது கையெழுத்து.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். முடிவில் ஆசிரியர் தன் பாத்திரங்களைக் கைவிட்டுவிடுகிறார் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அப்போது நான் படித்திருந்தது மூன்றில் இரண்டு பங்கு. கட்டுரையை இரண்டு பேர் பாராட்டினார்கள். ஒருவர் அதை நம்பி அந்தப் புத்தகத்தை வாங்காமல் விட்டதாகச் சொன்னார்.

தகப்பனார் இறந்த பிறகு மீதியைப் படித்தேன். ஆசிரியர் பாத்திரங்களைக் கைவிட்டுத்தான் இருக்கிறார். என் கருத்து மாறவில்லை. அதனால் ஒன்றும் சரியாகிவிடவில்லை.