போகவிடுகிறாயா, தடைபண்ணுகிறாயா?

தியானப் பகுதி: யாத்திராகமம் 5:1-4



இங்கிலீஷில் மூணே எழுத்துள்ள ஒரு சின்ன வார்த்தை உண்டு. அது 'லெட்'. இங்கிலீஷ் படிக்காத பாட்டிக்கும் இந்த வார்த்தை தெரியும். காலியான வீட்டு வாசலில் 'டூ லெட்' என்று போர்டு தொங்குதே, அதுதான். இந்தச் சின்ன வார்த்தைக்குள் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

'லெட்' என்றால் என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால், "விடு, அனுமதி கொடு" என்று சொல்லும். சரிதான். ஆனால் 1611-ம் வருஷம் வெளிவந்த கிங் ஜேம்ஸ் இங்கிலீஷ் வேதாகமத்தில் யாத்திராகமம் 5-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 1-ம் வசனத்தில் மோசேயும் ஆரோனும் பார்வோன் முன் நின்று, கர்த்தருடைய ஜனத்தைப் போகவிடும்படி கேட்கிறார்கள். அங்கே வருகிற வார்த்தை 'லெட்'. 4-ம் வசனத்தில் பார்வோன் அவர்கள்மேல் பாய்கிறான்: ஜனங்களை வேலை செய்யவிடாமல் ஏன் தடுக்கிறீர்கள் என்கிறான். அங்கேயும் அதே 'லெட்'! ஒரே அதிகாரம், ஒரே வார்த்தை. ஒரு இடத்தில் 'விடு'. இன்னொரு இடத்தில் 'தடு'!

இது எப்படி ஆச்சு? பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வார்த்தைகள். ஒன்றுக்கு விட்டுவிடுதல் என்று அர்த்தம். மற்றதற்குத் தடைபண்ணுதல், தாமதப்படுத்துதல் என்று அர்த்தம். "பஸ் லேட்" என்கிறோமே, அந்த 'லேட்' இந்த இரண்டாவது வார்த்தைக்குச் சொந்தம். காலப்போக்கில் இரண்டும் உச்சரிப்பில் ஒன்றாகிவிட்டன. 'போகவிடு' என்று சொன்னாலும் அதே சத்தம், 'தடு' என்று சொன்னாலும் அதே சத்தம் என்றால் யாருக்கு விளங்கும்? ஆகவே தடுக்கிற அர்த்தம் மெதுவாக வழக்கில் இல்லாமல் போனது. 1982-ல் முழுமையாக வெளிவந்த நியூ கிங் ஜேம்ஸ் பதிப்பில், தடையைக் குறித்த பழைய 'லெட்'டை எடுத்துவிட்டு வேறு வார்த்தை போட்டார்கள். எபிரெய மூலத்தில் இவை வேறு வேறு வார்த்தைகள்தான். நம் தமிழ் வேதாகமத்திலும் இந்தக் குழப்பம் இல்லை.

அகராதியில் குழப்பம் தீர்ந்துவிட்டது. பிரியமானவர்களே, நம் ஜீவியத்தில் தீர்ந்ததா? வாய் 'விடு' என்கிறது, கை 'தடு' என்கிறது. இதைத்தான் ஆவியானவர் இன்று நம்மிடத்தில் பேச விரும்புகிறார்.

1. பார்வோனுடைய 'விடுகிறேன், ஆனால்...'

பார்வோன் ஒரேயடியாக 'மாட்டேன்' என்றே சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வாதை மேல் வாதை வந்ததும் இறங்கி வருகிறான். ஆனால் ஒவ்வொரு தரமும் ஒரு 'ஆனால்' வைத்திருக்கிறான். பலியிடுங்கள், ஆனால் இந்த தேசத்திலேயே இடுங்கள் (யாத். 8:25). போங்கள், ஆனால் தூரமாய்ப் போகாதேயுங்கள் (8:28). ஆண்கள் மட்டும் போங்கள் (10:11). பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் ஆடுமாடுகள் இங்கே இருக்கட்டும் (10:24). வார்த்தையில் பார்த்தால் விடுகிறான். உள்ளுக்குள் பார்த்தால் பிடித்துக்கொண்டிருக்கிறான். மோசே மசியவில்லை. ஒரு மிருகத்தின் குளம்பைக்கூட விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று சொல்லிவிட்டார் (10:26).

தேவ பிள்ளையே, பார்வோன் எகிப்தில் மட்டும்தான் இருந்தானா? "அவங்களை மன்னிச்சிட்டேன் பாஸ்டர், ஆனா அவங்க வீட்டுப் படி மட்டும் ஏறமாட்டேன்." இது யாருடைய குரல்? "கிறிஸ்துவுக்குள்ள நாம எல்லாரும் ஒண்ணுதான், ஆனா கல்யாணம்னு வந்தா நம்ம ஆளுங்கதான் வேணும்." இது யாருடைய குரல்? ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். திங்கட்கிழமை சம்பந்தம் பேசும்போது 'எந்தத் தெரு' என்று விசாரிக்கிறோம். கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடமாய்ச் சொல்லுகிற வாயே அந்தக் கேள்வியையும் கேட்கிறது! உன்னுடைய 'ஆனால்' எது? அந்த 'ஆனால்' இருக்கிறவரைக்கும் நீ இன்னும் விடவில்லை.

2. தேவன் அனுமதிக்கிற தடை

ரோமர் 1:13-ல் பவுல் அப்போஸ்தலன், ரோமாபுரிக்கு வரப் பலமுறை எண்ணியும் இதுவரைக்கும் தடைபட்டதாக எழுதுகிறார். கிங் ஜேம்ஸில் இங்கேயும் அந்தப் பழைய 'லெட்'தான். நன்றாய்க் கவனியுங்கள். போக முடியாத அந்த ஊருக்கு அவர் ஒரு நிருபம் எழுதினார். 16 அதிகாரம்! அன்றைக்கே வழி திறந்து அவர் நேரில் போயிருந்தால், அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் ரோமாபுரியில் இருந்த கொஞ்சம் பேர்தான். தடை வந்ததினால் கையில் கிடைத்த நிருபத்தை இன்று வரை உலகமெங்கும் வாசிக்கிறார்கள். அல்லேலூயா!

எல்லாத் தடையும் பிசாசின் வேலை என்று கட்டிக் கட்டி ஜெபிக்கிறோம். சாத்தான் தடுக்கிறதும் உண்மைதான். 1 தெசலோனிக்கேயர் 2:18-ல் பவுலே சொல்லுகிறார். ஆனால் அப்போஸ்தலர் 16:6,7-ல் அதே பவுலைத் தடுத்தது யார்? பரிசுத்த ஆவியானவர்! ஆசியாவுக்கும் வழி இல்லை, பித்தினியாவுக்கும் வழி இல்லை. அதற்குப் பிறகுதான் மக்கெதோனியா தரிசனம் வருகிறது. விசா வரவில்லையா? மகளுக்கு வந்த சம்பந்தம் தள்ளிப்போகிறதா? சத்தம்போட்டுத் தடையைக் கடிந்துகொள்ளுகிறதற்கு முன்பு, முழங்காலில் நின்று "ஆண்டவரே, இது யார் போட்ட தடை?" என்று கேள். எதிரி போட்டதானால் எதிர்த்து நில். கர்த்தர் போட்டதானால் காத்திரு.

டென்னிஸ் விளையாட்டில் இந்தப் பழைய அர்த்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சர்வீஸ் போட்ட பந்து வலையில் உரசி சரியான கட்டத்துக்குள் விழுந்தால், நடுவர் 'லெட்' என்பார். ஆட்டம் போய்விட்டதா? இல்லை. பாயிண்ட் குறைந்ததா? அதுவும் இல்லை. அந்த சர்வீஸை மறுபடியும் போடவேண்டும், அவ்வளவுதான். ஊழியத்தில் தடைபட்டு உட்கார்ந்திருக்கிற சகோதரனே, நம் ஊழியத்துக்கும் இங்கிலீஷில் 'சர்வீஸ்' என்றுதான் பேர். எழும்பு, மறுபடியும் ஆரம்பி.

3. உன் இருதயத்தின் வாசலில் என்ன போர்டு?

மத்தேயு 12:43-45-ல் இயேசு ஒரு காலி வீட்டைப்பற்றிச் சொல்லுகிறார். அசுத்த ஆவி வெளியே போய்விட்டது. வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் சுத்தம், ஆனால் உள்ளே யாரும் இல்லை. 'டூ லெட்' போர்டு தொங்குகிற வீடு அது! போன ஆவி தன்னைவிடப் பொல்லாத வேறே ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு குடிவருகிறது.

குறும்புப் பையன்கள் 'டூ லெட்' போர்டில் நடுவில் ஒரே ஒரு கோடு போட்டு 'டாய்லெட்' ஆக்கிவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். சிரிப்பாய் இருக்கிறது. ஆனால் காலி இடம் விட்டால் யாராவது ஒருத்தர் வந்து கிறுக்கிவிட்டுப் போவார்கள் என்கிறது மெய்தானே? குடியை விட்டாய், சிகரெட்டை விட்டாய், ஸ்தோத்திரம். விட்ட இடத்தில் யாரை வைத்திருக்கிறாய்? விடுதலை வாங்கினால் மட்டும் போதாது, ஆவியானவரால் நிரப்பப்படவேண்டும். நிரம்பின வீட்டில் போர்டு தொங்காது.

4. நீ யாருக்காவது தடையா?

நம் இந்திய பாஸ்போர்ட்டைத் திறந்தால், குடியரசுத் தலைவரின் பேரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும். இதை வைத்திருக்கிறவரை லெட் இல்லாமல், தடை இல்லாமல் தாராளமாய்ப் போகவிடுங்கள் என்று அதற்கு அர்த்தம். கல்ஃபுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். பழைய 'லெட்' அங்கேயும் இருக்கிறது.

ஒரு தேசம் தன் பிரஜைக்காக இப்படிக் கேட்கிறது. நாம் ஒருவருக்கொருவர் இதைச் செய்கிறோமா? நேற்று இரட்சிக்கப்பட்ட தம்பி சாட்சி சொல்ல எழும்பினால், இருபது வருஷ விசுவாசி முகத்தைச் சுளிக்கிறார். மருமகள் உபவாச ஜெபத்துக்குக் கிளம்பினால், மாமியாருக்கு அந்த நேரம் பார்த்துத்தான் முழங்கால் வலிக்கிறது! கொர்நேலியுவின் வீட்டில் ஆவியானவர் இறங்கினபோது, தேவனைத் தடுக்க நான் யார் என்று பேதுரு பின்வாங்கினாரே (அப். 11:17). அப்போஸ்தலனே வழிவிட்டார். நீயும் நானும் எம்மாத்திரம்?

அப்போஸ்தலருடைய நடபடிகள் புத்தகம் எப்படி முடிகிறது? பவுல் காவலில் இருக்கிறார். வசனமோ தடையில்லாமல் போகிறது (28:31). ஊழியக்காரனைக் கட்டலாம். வசனத்தைக் கட்ட முடியாது. நாம் அந்த வழியில் கல்லாய்க் கிடக்கக்கூடாது.

பிரியமானவர்களே, இங்கிலீஷ் வேதாகமத்தில் எபிரெயர் 4-ம் அதிகாரத்தில் 'லெட் அஸ்', அதாவது 'நாம் செய்வோமாக' என்ற அழைப்பு நாலு முறை வருகிறது (1, 11, 14, 16). கடைசி அழைப்பு, தைரியமாய்க் கிருபாசனத்தண்டை சேருவதற்கு. அங்கே போக உன்னை ஒருவனும் தடுக்க முடியாது. திரைச்சீலை கிழிந்தாயிற்று! இந்த வாரமே பிடித்து வைத்திருக்கிறவர்களைப் போகவிடு. மறித்து நிற்கிற வழியைவிட்டு விலகு.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் வாயின் 'விடு'வையும் கையின் 'தடு'வையும் நீர் காண்கிறீர். எங்கள் 'ஆனால்'களை எடுத்துப்போடும். நீர் போட்ட தடைகளில் பொறுமையாய்க் காத்திருக்கக் கிருபை தாரும். எங்கள் நிமித்தம் தடைபட்டு நிற்கிறவர்கள் இன்றே விடுதலையாகட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்!