விண்கல் யாருக்குச் சொந்தம்?

வானிலிருந்து ஒரு கல் விழுகிறது, ஊர் கூடுகிறது. ஒருவர் கை கூப்புகிறார், ஒருவர் விலை பேசுகிறார், ஒருவர் மட்டும், "எங்கிருந்து வந்தது இது?" என்று கேட்கிறார். இந்த மூவரில் கல்லுக்கு உரியவர் யார்? கல்லைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். மனிதனைப் பற்றிய கேள்வி இது என்கிறோம் நாம்.

"பட்டு நெய்யும் ஆரணிக்கு விண்கல்லைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று வினவக்கூடும், தறியடியிலே பொழுதெல்லாம் கழிக்கும் நம் தோழர்கள். எங்கோ நடந்த கதையல்ல, தோழர்களே! ஆரணியைத் தன்னகத்தே கொண்ட இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, நம்மியந்தல் என்னும் சிற்றூரில், 1886-ஆம் ஆண்டு விழுந்தது ஒரு விண்கல். எடை நாலரைக் கிலோ. அதற்கு முன்பே, 1857 பிப்ரவரி 28-ஆம் நாள், மதுரைச் சீமையில் விழுந்த பர்னல்லிக் கற்களின் எடை 77 கிலோ. விழுந்தது நம் மண்ணிலே. பெரும்பகுதி இருப்பதோ இலண்டன் அருங்காட்சியகத்திலே! விண்கல்லுக்கு அது விழுந்த இடத்தின் பெயரையே சூட்டுவது அறிவியலார் வழக்கம். ஆகவே நம்மியந்தலின் பெயர் உலக ஏடுகளில் ஏறிவிட்டது. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதை அறிவர்?

விண்ணிலிருந்து நெருப்பு விழக் கண்ட மனிதன் முதலில் அஞ்சினான். புறநானூற்றின் 229-ஆம் பாட்டிலே, கூடலூர் கிழார், பங்குனித் திங்களின் நள்ளிரவில் ஒரு மீன் விழக் கண்டு, சேர வேந்தனுக்கு என்ன நேருமோ என்று கலங்குகிறார். ஏழாம் நாள் வேந்தன் மறைந்தான் என்கிறது பாட்டு. திங்களையும், பொழுதையும், விண்மீன்கள் நின்ற நிலையையும் குறித்த அந்தக் கண்களைப் போற்றுகிறோம். மீன் வீழ்ந்தது மன்னன் சாவுக்கு அறிகுறி என்ற முடிவை மட்டும் ஏற்க மறுக்கிறோம். கண்டது வேறு, கருதிக்கொண்டது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றலுக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்!

அச்சம் முதிர்ந்தால் பூசையாகிறது. 1880-இல் பீகாரின் அந்தாரா என்னும் ஊரில் விழுந்த கல்லைக் கோயிலில் வைத்து வழிபட்டனர். மாலை சூடிய கல்லிடம் கேள்வி கேட்க முடியுமா? அபசாரம் என்பர்!

அறியாதவர் செய்த பிழை என்று எள்ளி நகையாடவும் வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிஞர் பலர், "வானிலே கல் ஏது, விழுவதற்கு?" என்று கூறி, கண்ணால் கண்ட குடியானவனின் சாட்சியத்தைத் தள்ளினர். விண்ணிலிருந்து வருபவையே அவை என்று 1794-இல் எழுதிய கிளாட்னி, ஏளனத்துக்கு ஆளானார். 1798 டிசம்பரில் காசிக்கு அருகே கற்கள் பொழிந்தன. அவற்றையும் வேறு நாடுகளில் விழுந்தவற்றையும் பகுத்தாய்ந்த எட்வர்டு ஹோவர்டு, அவற்றின் இரும்பிலே நிக்கல் கலந்திருப்பதை 1802-இல் வெளியிட்டார். மறு ஆண்டு, பிரான்சின் லேகிள் நகரருகே ஆயிரக்கணக்கில் கற்கள் விழ, பியோ என்ற அறிஞர் ஊர் ஊராகச் சென்று விசாரித்து உறுதி செய்தார். ஏளனம் அடங்கிற்று. ஆராயாமல் நம்புவது மூடத்தனம் என்றால், ஆராயாமல் மறுப்பது அதன் உடன்பிறப்பு!

ஆராய்ந்தால் என்ன கிடைக்கும்? 1865 ஆகஸ்ட் 25-ஆம் நாள், கயைக்கு அருகே ஷெர்காட்டியில் ஒரு கல் விழுந்தது. எடை சுமார் ஐந்து கிலோ. கல்லைக் காத்து வைத்தனர். 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அங்குள்ள காற்றை அளந்தன. அண்டார்க்டிகப் பனியில் கிடைத்த, ஷெர்காட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த காற்று, செவ்வாய்க் காற்றோடு ஒத்திருப்பதை 1983-இல் கண்டனர். செவ்வாயிலே ஏதோ ஒன்று பெரு வேகத்தில் மோத, அங்கிருந்து தெறித்து வந்த துண்டுகள் இவை! 1865-இல் விழுந்த கல்லின் தாயகம் தெரிய 118 ஆண்டுகள்! காத்து வைத்தவர்கள், தாம் காணப் போகாத பேரர்களின் கேள்விக்காகக் காத்தனர். அறம் என்பது இதுவன்றி வேறென்ன?

செவ்வாய் தோஷம் என்று சொல்லி எத்தனை பெண்களின் திருமணத்தைத் தடுத்திருக்கிறது இந்தச் சமுதாயம்! அந்தச் செவ்வாயின் துண்டையே கையில் எடுத்து, அறுத்து, பொடித்துப் பார்த்துவிட்டனர் ஆய்வாளர். கல்லிலே தோஷம் காணோம். கட்டத்திலே மட்டும் எப்படி வந்தது என்று கேட்கிறோம்!

பூசாரியை விட்டு வணிகனிடம் வருவோம். 2025 ஜூலை 16-ஆம் நாள் நியூயார்க் ஏலத்தில், 24 கிலோவுக்கு மேற்பட்ட செவ்வாய்க் கல் ஒன்று, கட்டணங்களும் சேர்த்து, 53 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. 2023-இல் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்த கல் அது. எவ்வாறு எல்லை தாண்டியது என்று நைஜர் அரசு விசாரணை தொடங்கியது. ஏழை நாட்டின் மணலில் கிடைப்பது, செல்வச் சீமானின் மாளிகைக்கு! இந்தக் கணக்கு ஆரணிக்குப் புதிதா? பட்டு நெய்தவன் மனைவிக்கு நூல் சேலை. நெய்த பட்டோ, நெசவாளி நுழையத் தயங்கும் மாளிகைக்கு!

வணிகமே கூடாது என்று கூறவில்லை நாம். வாங்குவோர் உண்டு என்பதால்தான் சகாராவில் தேடுவோர் பெருகினர். இன்று அறியப்பட்ட சுமார் 400 செவ்வாய்க் கற்களிலே பல அவ்வழி வந்தவையே. புதிய கல்லுக்குப் பெயர் பெற வேண்டுமானால், அதில் ஒரு சிறு பகுதியை ஆய்வு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால், சிறு துண்டு மட்டும் அறிவுக்கு, பெருங்கல் செல்வனுக்கு என்பது போதுமான நீதியாகுமா? கண்டெடுத்தவனுக்கு உரிய கூலி கொடுங்கள். கல்லைப் பொதுவில் வையுங்கள் என்கிறோம். தேடியவன் உழைப்பு அவனுடையது. 450 கோடி ஆண்டுப் பழமை எவனுடைய உழைப்பு?

இந்நாட்டில் விழும் விண்கற்களைக் காக்கும் பொறுப்பு, 1851-இல் நிறுவப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சார்ந்தது. நாளை ஆரணி வயலொன்றில் கல் விழுந்தால், இளைஞர்காள், மஞ்சளும் குங்குமமும் பூச விடாதீர்; ஆளுக்கொரு துண்டாக உடைக்கவும் விடாதீர். நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறியுங்கள். கருகிய மேல் தோல் உண்டா, காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். விண்கல் என்று சொன்னதாலேயே நம்பியும் விடாதீர்! 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளிக் கல்லூரி வெடிப்பில் ஓர் ஓட்டுநர் உயிரிழந்தபோது, விண்கல்லே காரணம் என்று அறிவித்தனர். படங்களைக் கண்ட நாசா அறிஞர்களோ, தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றனர். அறிவியல் சொல்லும் ஆராயப்படாவிட்டால் மந்திரமாகிவிடும்!

கும்பிட்டவனுக்குக் கல் பதில் கூறுவதில்லை; பூட்டி வைத்தவனுக்கும் கூறுவதில்லை. கேட்டவனுக்கே கூறுகிறது, அவன் வாயிலாக உலகுக்கே கூறுகிறது. கல் யாருக்குச் சொந்தம் என்றால், கேட்பவர் அனைவருக்கும் சொந்தம்!