குளிரும் கோளும்

2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்து வீட்டில், நாள்கணக்கில் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்த மின்சார ஹீட்டர் தீப்பற்றியது. தீ அந்த வீட்டையும் அதன் வாசல் நடையையும் தாண்டவில்லை. தாண்டியது புகை. வீட்டார் உயிர் தப்பி ஓடியபோது, தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடவில்லை. 15ஆம் மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்றும் அப்படியே திறந்து நின்றது. படிக்கட்டே புகைபோக்கியாகிவிட்டது. 17 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தினர். ஒரு வாரம் கழித்து, பிராங்க்ஸ் பள்ளிவாசலில் 15 சவப்பெட்டிகளை வரிசையாக வைத்து ஜனாஸா தொழுகை நடந்தது.

ஹீட்டர் ஏன் ஓடியது? கட்டடத்தின் வெப்ப அமைப்பு வேலை செய்துகொண்டுதான் இருந்தது என்றார்கள் அதிகாரிகள். அது போதவில்லை என்றார்கள் குடியிருந்தவர்கள். தீ எச்சரிக்கை மணி காரணமில்லாமல் அடிக்கடி அடித்துப் பழகிவிட்டதால் அன்றைக்கும் பலர் அதைச் சட்டை செய்யவில்லை.

நியூயார்க்கில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுக்காரர் வெப்பம் தந்தாக வேண்டும். காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே 68 இருக்க வேண்டும்; நம் கணக்கில் 20 டிகிரி செல்சியஸ். இரவில், வெளியே எப்படி இருந்தாலும் 62. குறைந்தால் 311 என்ற எண்ணை அழைக்கலாம், ஆய்வாளர் வருவார். சொல்லக் கேட்டால் சுலபம்தான். ஆனாலும் விரல் தயங்குகிறது. வாடகை ஏறுமோ, வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ, குடியேற்றக் காகிதங்களை யாராவது கேட்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு: இது பாவமோ என்ற கூச்சம். வீட்டுக்காரர் அதே பள்ளிவாசலுக்கோ அதே மாதா கோயிலுக்கோ வருகிறவராக இருக்கலாம். ஊருக்குப் புதிதாக வந்த நாளில் யாரும் வீடு தராதபோது சாவியை எடுத்துக் கொடுத்தவராகவும் இருக்கலாம். அவர்மேல் மொட்டைக் கடுதாசி எழுதுவதும் அதிகாரியிடம் போய்ச் சொல்வதும் ஒன்றுதானா?

தமிழ் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. கோள் வேறு, முறையீடு வேறு. முதலாவது காதோடு காதாக நடப்பது. இரண்டாவதின் பெயரிலேயே முறை, அதாவது நீதி, உட்கார்ந்திருக்கிறது. புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வைத்த வள்ளுவர்தான் செங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார்.

யூதர்களின் தோராவில், லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் 16ஆம் வசனம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. முற்பாதி, கோள் சொல்லி அலையாதே என்பது. பிற்பாதி, அயலானின் இரத்தத்துக்கு ஆபத்து வரும்போது கைகட்டி நிற்காதே என்பது. நாவை அடக்கச் சொல்லிவிட்டு, அந்த அடக்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளவும் கூடாது என்று அடுத்த சொல்லிலேயே மறிக்கிறது. இதையெல்லாம் பல நூற்றாண்டுகளாக அலசிய யூத அறிஞர்களில் முக்கியமானவர் இஸ்ரேல் மேயர் ககன். மளிகைக்கடை ஒன்றை நடத்திப் பிழைத்த ரபி, அதாவது யூத மதகுரு. புறங்கூறுதலைப் பற்றி 1873இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். ஒருவரின் குறையைப் பிறரிடம் சொல்ல நேர்ந்தால் ஏழு நிபந்தனைகள் என்கிறார் அவர். தானே நேரில் கண்டிருக்க வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, நோக்கம் நன்மையாக இருக்க வேண்டும், முதலில் அவரிடமே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும் என்று பட்டியல் போகிறது. மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்திலும் இதே படிக்கட்டுதான்: முதலில் தனியே போய்ச் சொல், பிறகு ஓரிருவரைக் கூட்டிப் போ, அதற்கும் அசையாவிட்டால் சபையில் வை.

நல்ல ஒழுங்குதான். சுவர்ப் பூச்சு உதிர்கிறது, குழாய் சொட்டுகிறது என்றால் இந்த ஒழுங்கே போதும். ஆனால் கொதிகலனிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசிகிற வீட்டில் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏற நேரமில்லை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்காமலே போகலாம். மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியைப் பசு அசைத்தபோது, ‘முதலில் இளவரசரிடம் பேசிப் பார்த்தாயா’ என்று எவரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

இஸ்லாம் இன்னும் நேராகச் சொல்கிறது. குர்ஆனின் 4ஆம் அத்தியாயம், 148ஆம் வசனம் தீய சொல்லைப் பகிரங்கப்படுத்துவதைக் கண்டித்த கையோடு, அநியாயம் இழைக்கப்பட்டவருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. 13ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் நவவி, புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களைத் தொகுத்தார். அதில் முதலாவதே, பாதிக்கப்பட்டவர் ஆட்சியாளரிடமோ நீதிபதியிடமோ முறையிடுவது.

பிறகு ஏன் தயக்கம்? சபூர் என்ற சொல் இருக்கிறது, பொறுமை. எல்லா மதங்களும் போற்றுகிற குணம் அது. அதனாலேயே அது கை மாறிப் போகிறது. ஜனவரிக் குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுப்பவர் தன் பங்குக் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்கிறார். அது அவர் இஷ்டம். மன்னிப்பதும் அவர் உரிமை. ஆனால் மூடாத கதவு அவருடைய கஷ்டம் மட்டுமல்ல. பிராங்க்ஸில் படிக்கட்டுகளில் மாடிதோறும் ஆட்களைக் கண்டெடுத்ததாகத் தீயணைப்புத் துறை சொன்னது. பதினைந்தாம் மாடிக் குழந்தையின் சார்பில் இரண்டாம் மாடிக்காரர் எப்படிப் பொறுமை காக்க முடியும்? தனக்கு வரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு வரவேண்டியதை அல்ல. சக மனிதருக்கு இழைத்த அநீதியை, பாதிக்கப்பட்டவர் மன்னிக்காமல் இறைவனும்கூட மன்னிப்பதில்லை என்று இஸ்லாமியச் சட்டம் வகுத்திருப்பது இந்தக் கணக்கில்தான்.

புகாரை எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு பழைய வழி உண்டு. லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் படரும் ஒரு தோஷம் வருகிறது. பச்சையும் சிவப்புமாகக் குழிந்த கறைகள். வீட்டுக்குரியவரே ஆசாரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆசாரியர் வந்து பார்த்து, ஏழு நாள் வீட்டைப் பூட்டி, மறுபடியும் பார்ப்பார். பரவியிருந்தால் கல்லைப் பெயர்த்து, காரையைச் சுரண்டி, புதிதாகப் பூசச் சொல்வார். அதற்குப் பிறகும் வந்தால் இடிக்க வேண்டியதுதான். இதற்கு யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா ஒரு நுட்பம் சேர்க்கிறது. முறையிடுகிறவர் பெரிய பண்டிதராக இருந்து, அது தோஷம்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், ‘தோஷம்’ என்று சொல்லக் கூடாது. ‘தோஷம் போல ஒன்று’ என்றுதான் சொல்ல வேண்டும். கண்டதைச் சொல்வது குடியிருப்பவர் வேலை. பெயர் வைப்பது ஆய்வாளர் வேலை.

இங்கிலாந்தின் ராச்டேலில் இது தலைகீழாக நடந்தது. சூடானிலிருந்து வந்த ஒரு தம்பதியின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பூஞ்சை படர்ந்திருந்தது. தந்தை 2017லேயே சொல்லியிருந்தார். கிடைத்த யோசனை, மேலே பெயின்ட் அடி என்பது. வழக்கறிஞர் மூலம் போனதும், விவகாரம் முடியும்வரை பழுதுபார்ப்பதில்லை என்பது அந்தக் குடியிருப்பு அமைப்பின் வழக்கமாக இருந்தது. முறையிட்டதே வேலையை நிறுத்தக் காரணமாயிற்று. இவர்கள் சடங்காக வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிப்பதால்தான் ஈரம் என்ற அனுமானமும் ஊழியர்களிடையே இருந்தது விசாரணையில் வெளிவந்தது. சுவரைப் பார்க்க வந்தவர்கள் குடும்பத்தின் மதத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 2020 டிசம்பர் 21 அன்று, இரண்டு வயது நிறைந்து எட்டே நாள் ஆன அவர்கள் மகன் அவாப் இஷாக் இறந்தான். நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அவன் பெயரிலேயே வந்த சட்டத்தின் முதற்கட்டம் 2025 அக்டோபர் 27 அன்று அமலுக்கு வந்தது. அவசர ஆபத்தென்றால் சமூக வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும்.

முறையிடத் துணிந்தவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது, அதற்கு அறநூல்கள் மட்டும் பதில் சொல்ல முடியாது. நியூயார்க் மாநிலத்தில் புகார் கொடுத்து ஓராண்டுக்குள் வீட்டுக்காரர் காலி செய்ய வைத்தால், அது பழிவாங்கல் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. 2019க்கு முன்பு இந்தக் காலம் ஆறு மாதமாக இருந்தது. ஆனால் கட்டடமே ஆபத்தானது என்று ஆய்வாளர் சொல்லிவிட்டால், புகார் கொடுத்தவரோடு சேர்த்து அண்டைவீட்டார் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டிவரலாம். உண்மையைச் சொன்னவரைத் தெருவே சபிக்கும்.

லேவியராகமத்தின் ஆசாரியர் இதை யோசித்திருக்கிறார். அவர் உள்ளே நுழைவதற்கு முன்பே வீட்டிலுள்ள சாமான்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறார். வீடு தீட்டு என்று அவர் வாய் திறந்த கணத்தில் உள்ளே இருப்பதெல்லாம் தீட்டாகிவிடும் என்பதால். மரச்சாமானும் துணியும் உலோகமும் நீரில் முக்கியெடுத்தால் சுத்தமாகிவிடுமே, பிறகு எதைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு என்று மிஷ்னாவில் ரபி மேயர் என்ற பழங்கால அறிஞர் கேட்கிறார். அவரே பதிலும் சொல்கிறார்: மண்பாண்டத்தை. தீட்டுப்பட்டால் உடைத்துப்போட வேண்டிய, சந்தையில் அற்ப விலைக்குக் கிடைக்கிற, அந்த வீட்டுக்குரியவரின் சட்டியையும் குடத்தையும்.